தோப்பு போன பிறகு

பிப்ரவரி 3, 2003, திங்கள்

தண்ணி லாரி இன்றைக்கும் வரவில்லை. கைப்பம்பு உப்புத் தண்ணியில் அரிசியைக் களைந்து, கடைசிக் கழுவலுக்கு மட்டும் நல்ல தண்ணி விட்டு, எப்படியோ சாம்பார் சாதம் ஆக்கிப் போட்டோம். பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். பசி.

இந்த டைரி யாசின் சார் கொடுத்தது. காற்றாலைக் கம்பெனி ஆள், ராயபுரத்துக்காரர். பள்ளிக்கூடத்துக்கு வந்து ஹெட்மாஸ்டருக்கு ஒன்று கொடுத்தார். சத்துணவு அமைப்பாளர் என்பதால் எனக்கும் ஒன்று. அட்டையில் கடலோரமாக வெள்ளை வெளேரென்று மூன்று இறக்கை.

நம் பாலத்தடிக் குப்பத்துக்குப் பின்னால், மணல் மேட்டில், நாலு காற்றாலை நிறுத்தப் போகிறார்களாம். அதற்காக வருஷத்துக்கு ஒரு வேலை கம்பெனியே ஊருக்குச் செய்து தருமாம். ஊர் நல நிதி என்று பெயர். என்ன வேலை என்பதை ஊரே முடிவு பண்ணிக்கொள்ளலாம். டீக்கடையில் ஒரே குஷி. காத்தாடி வருது காத்தாடி வருது என்று பசங்கள் குதிக்கிறார்கள். மாஞ்சா போட்டு விடுகிற காத்தாடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிளம்பும்போது யாசின் சார் சொன்னார்: “காத்த மறைக்குதுல்ல, அந்த சவுக்குத் தோப்ப மட்டும் எடுத்துடுவோம்.”

அதுக்கப்புறம் அவரு பேசினது ஒன்னும் எங்காதுல ஏறல.

பிப்ரவரி 4

தோப்பு போயிட்டா நாங்க எங்க போறது?

பிப்ரவரி 6, வியாழன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் டைரியில் எழுத எனக்கு என்ன கூச்சம்?

இந்தக் குப்பத்தில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. ஆம்பளைகளுக்கு மீன்பிடிப் போட்டுகளை ஏற்றி வைக்கிற கரை. கடலைப் பார்த்து உட்கார்ந்தால் மிச்சத்தை அலை பார்த்துக்கொள்ளும். பொம்பளைகளுக்கு சவுக்குத் தோப்பு. விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, இருட்டின பிறகு ஒரு தடவை. நடுவில் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். காசிமேட்டிலிருந்து கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு இதே பழக்கம்.

எனக்காவது பழகிவிட்டது. என் மகள் ஜமுனா மார்கழியில்தான் பெரியவளானாள். அவளைத் தனியாக அனுப்புவதில்லை. நான் முன்னால், அவள் நடுவில், எதிர்வீட்டுப் பவுனம்மாள் அக்கா ஒரு குச்சியோடு பின்னால். தோப்பு என்றால் மரம் மட்டுமா? அது எங்களுக்குச் சுவர். கதவு. எல்லாம்.

இது ஏன் யாருக்கும் தோணல? இல்ல, தோணிச்சி, வாய தொறக்கல. என்ன மாதிரியே.

பிப்ரவரி 9, ஞாயிறு

என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன். ஊர் நிர்வாகத்தில் அவரும் ஒருத்தர் ஆயிற்றே. வாசலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“தோப்ப வெட்டிட்டா பொம்பளைங்க எங்கயா போறது?”

“எல்லாத்தயுமா வெட்டப் போறான்? ஓரமா கொஞ்சம் உடுவான்.”

“உடலன்னா?”

“உடலன்னா பாத்துக்கலாம்.”

“அந்த நிதில ஒரு கக்கூஸ் கட்டச் சொல்லேன்.”

வலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். “இன்னாமே பேசற நீ? காத்தாடி கம்பெனிக்காரன் ஊருக்கு இன்னா வேணும்னு கேக்கறான். கக்கூஸ் குடுன்னு போயி நிக்கச் சொல்றியா? பக்கத்து நெட்டுக்குப்பத்துக்காரன் கேட்டா சிரிப்பான்.”

மண்டபம் கட்டத்தான் எல்லோரும் பேசி வைத்திருக்கிறார்களாம். கல்யாண மண்டபம். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அவர் தங்கச்சி கல்யாணத்தன்று மழை கொட்டி பந்தல் சரிந்து, மாப்பிள்ளை வீட்டார் இலையில் மழைத்தண்ணியோடு சாப்பிட்டார்கள். இன்றைக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனால் அந்தப் பேச்சு வரும். அவருக்கு அது ஆறாத புண்.

ஆனா கல்யாணம் வருஷத்துக்கு ஒன்னோ ரெண்டோ. இது தினம்.

பிப்ரவரி 13, வியாழன்

சே! என்ன பொம்பளை நான்?

யாசின் சார் இன்று கேமராவோடு வந்தார். பிள்ளைகள் சாப்பிடுவதைப் படம் எடுத்தார். பிறகு என்னிடமே கேட்டார். “அக்கா, எல்லா ஆம்பளைங்ககிட்டயும் கேட்டுட்டேன். நீங்க சொல்லுங்க. இந்த ஊருக்கு இன்னா வேணும்?”

நேராகக் கேட்கிறார். பக்கத்தில் யாரும் இல்லை. நாக்கு வரை வந்துவிட்டது. வெளி ஆள், அதுவும் ஆம்பளை. அவரிடம் எப்படி அந்த வார்த்தையைச் சொல்வது?

“ஒன்னும் இல்ல சார். பிள்ளைங்களுக்கு தட்டு குடுத்தா நல்லாருக்கும்” என்றேன்.

எழுதிக்கொண்டு போய்விட்டார்.

தட்டாம்! தட்டு ஒரு கேடு!

பிப்ரவரி 20

மரங்களுக்கு வெள்ளைப் பட்டை அடித்திருக்கிறார்கள். காலையில் இருட்டில் அது ஒன்றுதான் தெரிந்தது. ஒரு மரம்கூட விடவில்லை. ஓர மரம்கூட.

பிப்ரவரி 28, வெள்ளி

நேற்றிலிருந்து ஜமுனாவுக்குக் காய்ச்சல். அடிவயிற்றில் வலி, ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று அழுதாள். திருவொற்றியூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவரும் கடலுக்குப் போகாமல் கூட வந்தார்.

டாக்டரம்மா கேட்டார்: “பாப்பா, தண்ணி நல்லா குடிக்கிறியா?”

ஜமுனா என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “மத்தியானத்துக்கு மேல குடிக்க மாட்டேன். குடிச்சா போகணும். இருட்டற வரைக்கும் போவ முடியாது.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, அடக்கி வைத்தால் கிட்னி வரைக்கும் போகும் என்றார்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். எண்ணூர் வந்து இறங்கும்போது, “கூட்டத்துல பேசறேன்” என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதும் போலிருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

ஊர்க்கூட்டம். கங்கையம்மன் கோயில் முன்னால். பொம்பளைகள் உள்ளே போகிற வழக்கம் இல்லை. கோயில் மதிலுக்கு இந்தப் பக்கம் நானும் பவுனம்மாள் அக்காவும் நின்று கேட்டோம்.

தலைவர் சின்னப்பையன் பேசினார். மண்டபம் எவ்வளவு பெரிதாக வரும், எந்தப் பக்கம் வாசல், எல்லாம். பிறகு யாருக்காவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. மதிலில் காதை வைத்தேன்.

“பொம்பளைங்க விஷயமா ஒன்னு...” என்று ஆரம்பித்தார்.

யாரோ ஒருத்தன், “இன்னா செங்குட்டு, வூட்ல சொல்லிக் குடுத்து அனுப்பிச்சாங்களா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தோம்.

“ஒன்னும் இல்ல” என்று உட்கார்ந்துவிட்டார்.

மண்டபம் என்று முடிவாகிவிட்டது. அவர் மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். நானும் யாசின் சாரிடம் அதே ‘ஒன்னும் இல்ல’தானே சொன்னேன்? கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மார்ச் 19, புதன்

வெட்டிவிட்டார்கள். காலையில் மிஷின் சத்தம் ஆரம்பித்தது, சாயங்காலம் மணல்தான் இருந்தது. பள்ளிக்கூடத்து வராண்டாவிலிருந்து நேராகக் கடல் தெரிகிறது. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்.

மார்ச் 21, வெள்ளி

அனல் மின் நிலையத்துச் சாம்பல் லாரி போகிற ரோட்டுப் பக்கம் போகிறோம். வேறு இடம் இல்லை. லாரி வெளிச்சம் விழுந்தால் எழுந்து நிற்க வேண்டும். தாண்டிப் போனதும் உட்கார வேண்டும். மறுபடி லைட்டு, மறுபடி எழுந்து நிற்க வேண்டும். ஒருத்தன் வேண்டுமென்றே நிறுத்தி ஹாரன் அடித்தான்.

ஜமுனா வர மாட்டேன் என்கிறாள். சாப்பிடவும் மாட்டேன் என்கிறாள். சாப்பிடாவிட்டால் போக வேண்டியதில்லையாம்.

திரும்பி வரும்போது காத்தாடிக்குத் தோண்டின பள்ளத்தில் பவுனக்கா கால் வழுக்கி விழுந்தார். நல்லவேளை, ஓரம். கால் மட்டும் வீங்கியிருக்கிறது. உள்ளே விழுந்திருந்தால்? கம்பி கம்பியாக நட்டு வைத்திருக்கிறார்கள்.

இப்படியே எத்தனை நாள் போகும்?

மார்ச் 23, ஞாயிறு

கிரிக்கெட் பைனல். ஊரிலிருக்கிற அத்தனை ஆம்பளைகளும் டீக்கடை டிவி முன்னால். குப்பத்தில் பொம்பளைகள் மட்டும். இப்படி ஒரு மத்தியானம் வாய்த்ததே இல்லை.

பவுனக்கா வீங்கின காலை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்தார். பள்ளிக்கூடத்து வராண்டாவில் உட்கார்ந்தோம். அப்புறம் ஒருத்தி ஆரம்பித்தாள், நிறுத்தவே முடியவில்லை. பிள்ளை பெற்ற மறுநாளே மணலில் நடந்தவள். மழைக்காலத்தில் பாம்பைப் பார்த்தவள். எல்லோருக்கும் கதை இருக்கிறது. இத்தனை வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போயும் ஒருத்திக்கொருத்தி சொன்னதில்லை.

பவுனக்கா சொன்னார்: “தோ பாருங்க. நம்ப தோப்பு போச்சி. ஆம்பளைங்க கரை அப்டியே கீது. அப்ப நாளைலேர்ந்து நம்ப போயி அந்தக் கரைல உக்காருவோம். போட்டு எப்டி தள்றாங்கன்னு பாப்போம்.”

ஐயோ என்றாள் ஒருத்தி. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் புருஷன் நிர்வாகத்தில் இருக்கிறார். நான் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள்.

“டீச்சர், நீ வர்றியா?” என்று நேராகக் கேட்டார் பவுனக்கா.

வரேன்னு சொல்லிட்டேன். எப்படிச் சொன்னேன்னு தெரியல.

மேட்ச் தோத்துப்போச்சாம். ஆம்பளைங்க மூஞ்சைத் தொங்கப் போட்டுகினு வர்றாங்க. நாளைக்கு இன்னா ஆவப் போவுதோ.

மார்ச் 24, திங்கள்

போனோம்.

ஜமுனாவை வீட்டிலேயே விட்டுவிட்டேன். விடியாத இருட்டில், போட்டுகளுக்கு முன்னால், கடலைப் பார்த்து, முக்காடு போட்டுக்கொண்டு, ஒரே வரிசையாக உட்கார்ந்தோம்.

இன்ஜினைத் தோளில் வைத்துக்கொண்டு ஆம்பளைகள் வந்தார்கள். ரோட்டிலேயே நின்றுவிட்டார்கள்.

“யார்ரா அது?”

“நாங்கதான்” என்றார் பவுனக்கா.

“இங்க இன்னா பண்றீங்க?”

“தோப்புல பண்ணத இங்க பண்றோம்.”

“எழுந்திரிங்க. போட்டு தள்ளணும்.”

“இன்னும் முடியல நைனா. கொஞ்சம் திரும்பி நில்லு.”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அப்படியே கடைசி வரை போனது. பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. மணலில் கால்கள் திரும்புகிற சத்தம் மட்டும் கேட்டது. அத்தனை பேரும் முதுகைக் காட்டி நின்றார்கள். சூரியன் மேலே வரும் வரை ஒரு போட்டும் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன். பாதி அரிசி கீழே.

அவர் சாப்பிடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சத்துணவு டீச்சர்தான் தூண்டிவிடுகிறாள், மேலே எழுதிப் போட்டு வேலையை எடுத்துவிடலாம் என்று தலைவர் சொன்னாராம். இந்த வேலைக்கு நான் எத்தனை வருஷம் அலைந்தேன்!

நாளைக்குப் போவதா வேண்டாமா?

மார்ச் 25, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதிவிட்டால் கொஞ்சம் மனசு அடங்குமா பார்க்கலாம்.

நேற்றைவிட அதிகப் பேர் வந்தார்கள். கையில் பச்சைப் பிள்ளையோடுகூட ஒருத்தி. உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து டார்ச்சு வெளிச்சம். மூன்று நாலு டார்ச்சு. எங்கள் முதுகில் மேலும் கீழுமாக ஆடுகிறது. விசில். இளவட்டங்கள்தான், குடித்திருந்தார்கள். யாராவது எழுந்து ஓடினால் எல்லோரும் ஓடிவிடுவோம் என்று தெரிந்தது. எனக்கே எழுந்திருக்கத்தான் தோன்றியது.

அப்போது என் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஜமுனா. பள்ளிக்கூடத்துப் பாவாடையோடு.

“நீ இன்னாத்துக்குடி வந்த?” அடிக்குரலில் கேட்டேன்.

“எனுக்கு மட்டும் வேணாமா?” என்றாள்.

வெளிச்சம் நேராக அவள் மேல் வந்து நின்றது. அவள் திரும்பி அந்த வெளிச்சத்தையே பார்த்தாள். முக்காடு இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

திடீரென்று ஏதோ தள்ளுமுள்ளு. ஒருத்தன் கத்தினான். டார்ச்சு ஒன்று அணைந்தது. மற்றதும் அணைந்தன. என்ன நடந்தது என்று தெரியவில்லை. இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்தால் அவர் தண்ணித் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கழுவிக்கொண்டிருக்கிறார். உள்ளங்கையில் கண்ணாடி கிழித்து ரத்தம். டார்ச்சைக் கையாலேயே பிடித்து நொறுக்கியிருக்கிறார்.

துணி கிழித்துக் கட்டிவிட்டேன். கட்டி முடித்ததும், “பொண்ண அங்க பாத்தேன்” என்றார்.

மார்ச் 26, புதன்

இன்று இளவட்டம் யாரும் வரவில்லை. இன்ஜினோடும் யாரும் வரவில்லை. தலைவர் சின்னப்பையன் மட்டும் தனியாக வந்து, ரோட்டிலேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“அம்மாடி, எழுந்து வூட்டுக்குப் போங்க. ஞாயித்துக்கெழம கூட்டம் போடறேன். நீங்களும் வாங்க.”

“உள்ளயா, மதிலுக்கு அந்தாண்டயா?” என்றார் பவுனக்கா.

திரும்பாமலேயே தலையைச் சொறிந்தார்.

“உள்ளதான்.”

மார்ச் 30, ஞாயிறு

நான் பேச வேண்டும் என்று எல்லோரும் என்னைத் தள்ளிவிட்டார்கள். எழுந்து நின்றேன். அத்தனை ஆம்பளை முகங்கள். மாமனார் முறை, கொழுந்தன் முறை. நேற்றெல்லாம் யோசித்து வைத்த எதுவும் வரவில்லை.

“எங்களுக்குக் கக்கூஸ் வேணும்” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.

சொன்ன பிறகு பயம் கொஞ்சம் விட்டது. ஜமுனாவுக்குக் காய்ச்சல் வந்தது, லாரி வெளிச்சம், பள்ளம், எல்லாம் சொன்னேன். மண்டபம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது வரட்டும், இது முதலில் வரட்டும் என்றேன். ஒருத்தர் எழுந்து, கம்பெனிக்காரன் என்ன நினைப்பான் என்றார். அதற்கு அவர், என் வீட்டுக்காரர், உட்கார்ந்த இடத்திலிருந்தே, “அவன் இன்னா வேணா நெனக்கட்டும். அவன் வூட்ல கீதுல்ல?” என்றார்.

தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “எம் பொண்டாட்டியும் அந்த வரிசைல இருந்தா. மூணு நாளா எனக்கு சோறு போடல. எழுதிக் குடுத்துடலாம்பா.”

ஏப்ரல் 3, வியாழன்

யாசின் சார் வந்தார். “அக்கா, அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றார். எப்படிச் சொல்வது சார் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். “எனக்கும் மூணு தங்கச்சிங்கக்கா. நான் தோப்பப் பாத்தேன், மரம்னு மட்டும்தான் பாத்தேன்.”

ஆனால் ஒரு சிக்கல். மேலே இருக்கிறவர்களுக்கு இஷ்டமில்லையாம். கம்பெனி பெயரைக் கக்கூஸ் மேல் எழுதினால் நன்றாக இருக்காதாம். மண்டபமாக இருந்தால் திறப்பு விழா, போட்டோ, எல்லாம் வைக்கலாம்.

பவுனக்கா சொன்னார்: “போர்டு வேணாம் சார். கதவு வேணும்.”

பார்க்கிறேன் என்று போனார். பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? மாட்டேன் என்பதற்கும் அதுதானே?

மே 8

இன்னும் பதில் இல்லை. கூட்டத்துக்குப் பிறகு கரையை விட்டுவிட்டோம்; தினமும் காத்தாடிப் பள்ளத்துப் பக்கம் பயந்து பயந்து போய் வருகிறோம். இப்போதைக்குப் பழைய பாய்மரத் துணியில் ஒரு மறைப்பு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் ஆம்பளைகள். காத்து அடித்தால் துணி ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.

மே 21, புதன்

கம்பெனி ஒத்துக்கொண்டுவிட்டது, போர்டு இல்லாமல். கக்கூஸுக்கு அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள்! பள்ளிக்கூடத்துப் பின்பக்கம். யாசின் சாரே நின்று கயிறு பிடித்தார்.

ஜூன் 17, செவ்வாய்

காத்தாடியின் கோபுரம் நிற்கிறது. நாலில் ஒன்று. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. உள்ளே ஏணி வைத்து உச்சிவரை ஆள் போகிறான்.

அந்த ஆள் மேலே நிற்பதைப் பார்த்ததும்தான் உறைத்தது. எங்கள் கட்டடத்துக்குச் சுவர்தான் எழுப்பியிருக்கிறார்கள். பிளானில் கூரை இல்லை. காற்றோட்டத்துக்காகத் திறந்தபடி விட்டால் போதும் என்று கம்பெனி இன்ஜினீயர் சொன்னாராம். மேலே இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியாதா?

யாசின் சாரிடம் ஓடினேன். அவ்வளவு உயரத்திலிருந்து என்ன தெரியும் என்று அவரும் முதலில் சொன்னார். பிறகு என்ன நினைத்தாரோ, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு தானே ஏறிப் போனார். இறங்கி வரும்போது முகம் வேர்த்து வெளுத்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

“எல்லாம் தெரியுதுக்கா.”

ஆனால் கூரைக்குப் பணம் ஒதுக்கவில்லை, மறுபடி எழுதிக் கேட்டால் மாசக்கணக்கில் ஆகும் என்றார். இவ்வளவு தூரம் வந்து இப்படியா! சுவர் இருந்தும் ஒருத்தியும் போக மாட்டாள். நானே ஜமுனாவை அனுப்ப மாட்டேன்.

ஜூன் 26, வியாழன்

யாசின் சார் சைட்டில் சாமான் வைத்திருந்த கொட்டகையைப் பிரித்து, அந்தத் தகடுகளைக் கொண்டுவந்து கூரை போட்டுவிட்டார். மேலே கேட்டாரா, கேட்காமல் செய்தாரா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் வேறு கவலை வரும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

திறந்தாயிற்று. விழா இல்லை, ரிப்பன் இல்லை. பவுனக்கா ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து மிதித்தார். யார் முதலில் போவது என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து நின்றோம். கடைசியில் தலைவர் சம்சாரம்தான் விடுவிடுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம்.

யாசின் சார் இல்லை. கன்னியாகுமரி முப்பந்தல் பக்கம் மாற்றிவிட்டார்களாம். கூரைத் தகடுதான் காரணமா? யாரைக் கேட்பது? மனசு ஒரு மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 19

டீக்கடையில் எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கக்கூஸ் டீச்சர். ஜமுனா சொல்லி அழுதாள். எனக்கும் சுருக்கென்றது.

செப்டம்பர் 4, வியாழன்

கக்கூஸுக்குத் தண்ணி ஏற்றுகிற போர்வெல் மோட்டார் நின்றுவிட்டது. உப்பு பிடித்துவிட்டதாம். தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. காலையில் குடத்தோடு வரிசை, சண்டை, கலீஜ். யார் கழுவுவது என்பதில் பவுனக்காவும் பக்கத்து வீட்டுக்காரியும் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். இப்படியே போனால் ரெண்டு மாசத்தில் பூட்டுப் போட்டுவிடுவார்கள். அதற்குத்தான் மண்டபம் கேட்டோம் என்பார்கள். எல்லாம் என் தலையில்தான் விடியும்.

கம்பெனி ஆபீசுக்குப் போனேன். புது ஆள். கட்டிக் கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது என்றார்.

செப்டம்பர் 6, சனி

வீட்டுச் சமையல் முடித்துப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் போனேன். மோட்டார் ஓடுகிற சத்தம். அவர் கடலிலிருந்து வந்த கையோடு, மீனைக்கூட ஏலத்துக்கு விடாமல் தோஸ்துகளிடம் கொடுத்துவிட்டு, மோட்டாரைக் கழற்றி, போட்டு இன்ஜின் கிரீஸைப் போட்டு ஓட வைத்துக்கொண்டிருந்தார். சுற்றி நாலு பேர். அன்றைக்கு டார்ச்சு அடித்த பையன்களில் ஒருத்தனும் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

நான் யாரையும் கூப்பிடவில்லை. யாரிடமும் கேட்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

கூட்டத்திலிருந்து வந்ததும் அவர் சொன்னார்: “அடுத்த வருஷ நிதிக்கு இன்னா கேக்கலாம்னு பொம்பளைங்ககிட்டயும் கேட்டு வரச் சொன்னாரு தலைவரு.”

கேட்டதும் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. என்ன கேட்பது? தப்பாகக் கேட்டுவிட்டால்? ஒருத்தி தண்ணித் தொட்டி என்பாள், ஒருத்தி மீன் கொட்டகை என்பாள். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கு இன்னும் மண்டபம்தான். கேட்கத்தான் வாய் வரவில்லை.

“நீ இன்னா சொல்ற?” என்று நானே கேட்டேன்.

சிரித்துவிட்டார். “நான் ஒன்னும் சொல்லல. நீங்க பேசி முடிவு பண்ணுங்க.”

நாளைக்கு வராண்டாவில் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறேன்.

அக்டோபர் 13, திங்கள்

கண்ணைத் திறந்தால் வெயில். பாயில், தலையணையில், சுவரில், எங்கும் வெயில். பதறி எழுந்து உட்கார்ந்தேன். என்ன ஆச்சு, யாருக்கு என்ன? ஒன்றும் இல்லை. இருட்டோடு எழுந்து ஓட வேண்டியதில்லை, தூங்கிவிட்டேன், அவ்வளவுதான். வெளியே ஏலக்காரன் கூவுகிற சத்தம், காத்தாடி சுற்றுகிற சத்தம். அவர் எப்போதோ கடலுக்குப் போயிருக்கிறார்.

ஜமுனா பக்கத்தில் கையைக் காலைப் பரப்பிக்கொண்டு தூங்குகிறாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது. எழுப்ப வேண்டும்.

கொஞ்சம் தூங்கட்டும்.